நார்ச்சத்து ஆய்வுக்கு வருகிறவர்களுக்கு: மாவு முதல் மலம் வரை அளவு எங்கே பிசகுகிறது

நார்ச்சத்தும் குடல்நலமும் என்று தலைப்பு வைத்து பிஎச்.டி. பதிவு செய்கிற மாணவர்கள் பெரும்பாலும் குடல் நுண்ணுயிர்களைப் பற்றிப் படித்துவிட்டு வருகிறார்கள். முதல் இரண்டு வருடம் கையில் இருக்கப்போவது என்னவோ ஒரு கிராம் மாவும், உயரமான பீக்கரும், வடிகட்டும் கண்ணாடி க்ரூசிபிளும்தான். அதற்கப்புறம் மூடி போட்ட மல டப்பா. இந்தத் துறையில் நல்ல கேள்விகளுக்குப் பஞ்சமில்லை. அளவு சரியில்லாமல் கெட்டுப்போன தீசிஸ்களுக்கும் பஞ்சமில்லை.

நார்ச்சத்து என்று தனியாக ஒரு மூலக்கூறு கிடையாது. செல்லுலோஸ், ஹெமிசெல்லுலோஸ், பெக்டின், பசைகள், லிக்னின், செரிக்காத ஸ்டார்ச், இனுலின் என்று, சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய்ச் சேர்கிற பலவற்றின் கூட்டம் அது. ஆகவே எந்த முறையில் அளக்கிறோமோ, அந்த முறை பிடித்து நிறுத்துவதுதான் நமக்கு நார்ச்சத்து. முறையின் பெயரும் எண்ணும் இல்லாத நார்ச்சத்து அளவை யாருடைய கட்டுரையில் பார்த்தாலும் ஒதுக்கிவிடுங்கள்.

நம் ஊரில் இதற்குக் கண்கூடான சாட்சி உணவு அட்டவணைகளே. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய அட்டவணையில் 100 கிராம் கேழ்வரகுக்கு 3.6 கிராம், தீட்டிய பச்சரிசிக்கு 0.2 கிராம் என்று இருக்கும். அதே நிறுவனம் 2017-இல் வெளியிட்ட புதிய அட்டவணையில் கேழ்வரகு 11 கிராமைத் தாண்டுகிறது, அரிசி 2.8 கிராம். தானியம் மாறிவிடவில்லை. பழையது ‘க்ரூட் ஃபைபர்’. 1860-களில் ஜெர்மனியின் வீண்ட பண்ணை ஆய்வகத்தில் மாட்டுத் தீவனத்துக்காக வந்த முறை: 1.25 சதவீத கந்தக அமிலத்தில் அரை மணி, அதே செறிவுள்ள காஸ்டிக் சோடாவில் அரை மணி கொதிக்க வைப்பது. அந்தக் கொதியில் ஹெமிசெல்லுலோஸில் பெரும்பகுதி கரைந்து போய்விடும். பெக்டின் மிஞ்சவே மிஞ்சாது. இன்றைக்கும் சில சிறுதானியப் பொட்டலங்களிலும் மாணவர் கட்டுரைகளிலும் அந்தப் பழைய எண் உலவுகிறது. உணவுப் பதிவிலிருந்து ஒருவர் சாப்பிட்ட நார்ச்சத்தைக் கணக்கிடும்போது ஒரு பதார்த்தத்துக்குப் பழைய அட்டவணை, இன்னொன்றுக்குப் புதியது என்று கலந்துவிட்டால் மொத்தக் கணக்கும் வீண்.

இப்போது பெரும்பாலான லேபுகளில் ஓடுவது ஏ.ஓ.ஏ.சி. (பகுப்பாய்வு முறைகளை எண் போட்டு வெளியிடும் சர்வதேச அமைப்பு) தந்த 991.43. புத்தகத்தில் ஒன்றரைப் பக்கம். கையில் செய்தால் இரண்டு நாள் வேலை, கடைசியில் மிஞ்சியதிலிருந்து கழிக்க வேண்டிய புரதமும் சாம்பலும் சேர்த்தால் மூன்று நாள். மாதிரியை 0.5 மில்லிமீட்டர் சல்லடையில் போகும்படி அரைத்து, டூப்ளிகேட்டாக (ஒரே மாதிரியை இரண்டு பீக்கரில்) ஒவ்வொரு கிராம் எடுத்து, 8.2 பி.ஹெச். உள்ள பஃபர் (பி.ஹெச். மாறாமல் வைக்கும் கரைசல்) 40 மில்லி விட வேண்டும். கட்டி விழாமல் கலக்குவது இங்கேயே முக்கியம்; உள்ளே உலர்ந்த மாவுக் கட்டி இருந்தால் அதற்குள் என்சைம் போகாது, செரிக்காத ஸ்டார்ச் எல்லாம் நார்ச்சத்தாகக் கணக்கில் ஏறும். பிறகு ஸ்டார்ச்சை உடைக்க, சூடு தாங்கும் ஆல்ஃபா அமைலேஸ், கொதிநிலைக்குப் பக்கத்தில் அரை மணிக்கு மேல். 60 டிகிரிக்கு இறக்கி, பீக்கர் சுவரில் ஒட்டிய வளையத்தைச் சுரண்டிக் கழுவி உள்ளே தள்ளி, புரதத்தை உடைக்கும் புரோட்டியேஸ் அரை மணி. அமிலம் விட்டு பி.ஹெச்-ஐ 4.1-க்கும் 4.8-க்கும் இடையில் கொண்டுவந்து, மிஞ்சிய ஸ்டார்ச் துண்டுகளுக்கு அமைலோகுளுக்கோசிடேஸ் அரை மணி. கடைசியில் 60 டிகிரிக்குச் சூடாக்கிய 95 சதவீத ஆல்கஹால், நான்கு பங்கு. கரையும் நார் ஒரு மணி நேரத்தில் வெள்ளையாகத் திரண்டு அடியில் இறங்கும்.

ஆல்கஹாலை முன்கூட்டியே கணக்குப் போட்டு வைக்காதவர்கள் எல்லாரும் நடுவில் மாட்டுவார்கள். ஒரு பீக்கருக்கு 225 மில்லி. நாலு மாதிரி டூப்ளிகேட்டாக எட்டு, மாவு போடாத பிளாங்க் இரண்டு, ஆகப் பத்து பீக்கர். கழுவுவதையும் சேர்த்தால் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.8 லிட்டர். ஆல்கஹால் வாங்க அனுமதி, கோட்டா என்று கல்லூரி அலுவலகம் வழியாக அலைய வேண்டியிருக்கும். ஆறு மாதத் தேவையை ஒரே இண்டென்ட்டில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

வடிகட்டும் கட்டம்தான் பொறுமையைச் சோதிக்கும். க்ரூசிபிளில் செலைட் (வடிகட்ட உதவும் நுண்மண்) படுகை போட்டு, 78 சதவீத ஆல்கஹால், 95 சதவீத ஆல்கஹால், அசிடோன் என்று கழுவ வேண்டும். வெண்டைக்காய், ஓட்ஸ், வெந்தயம், இசப்கோல் மாதிரி வழவழப்பான சரக்கு வந்தால் படுகையின் மேல் ஏடு கட்டி அடைத்துக்கொள்ளும். உடனே வாக்குவத்தைக் கூட்டுவார்கள். ஏடு இன்னும் இறுகும். பம்பை நிறுத்திவிட்டு, மெல்லிய ஸ்பாட்டுலாவால் ஏட்டைக் கிளறி, செலைட்டைக் கலைத்துவிடாமல் மெதுவாக இழுக்க வேண்டும். இந்த ரகத்துக்கு ஒரு கிராமுக்குப் பதில் அரை கிராம் மாதிரியில் ஆரம்பிப்பது நல்லது, ஆனால் அதைக் கட்டுரையில் எழுத வேண்டும். கொழுப்பு 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால், அதாவது எள்ளு, நிலக்கடலை, தேங்காய் என்றால், முதலில் பெட்ரோலியம் ஈதரால் எண்ணெயை எடுத்துவிடாமல் தொடங்கவே கூடாது.

எடையில் எவ்வளவு கவனம் வேண்டும் என்பதற்கு அரிசியையே எடுத்துக்கொள்ளலாம். 2.8 சதவீத நார்ச்சத்து என்றால் ஒரு கிராம் மாவில் கிடைப்பது 28 மில்லிகிராம். டெசிக்கேட்டரிலிருந்து (சிலிக்கா ஜெல் போட்டு ஈரம் புகாமல் மூடிய ஜாடி) எடுத்த க்ரூசிபிளைத் தராசுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு யாரிடமாவது பேசிக்கொண்டிருந்தால், சென்னையின் மழைக்கால ஈரத்தில் அது 3 மில்லிகிராம் கூடுவதற்கு அதிக நேரம் ஆகாது. அந்த 3 மில்லிகிராம் என்பது முடிவில் 10 சதவீதத்துக்கும் மேற்பட்ட பிழை. தவிட்டில் இதே பிழை கண்ணுக்கே தெரியாது. ஆகவே நார் குறைந்த மாதிரிகளில்தான் டூப்ளிகேட்டுகள் ஒன்றுக்கொன்று சேராமல் அடம்பிடிக்கும். மாணவர்களோ என்சைமைக் குறை சொல்வார்கள். சிலிக்கா ஜெல் நீலமாக, அதாவது உலர்ந்து, இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

என்சைமிலும் கோளாறு வரும், அதற்கான சோதனை வேறு. புதிய லாட் வந்தவுடன் மாதிரிக்குப் பதிலாகத் தூய பெக்டின், பீட்டா குளுக்கான் (இரண்டும் நார்), கோதுமை ஸ்டார்ச், கேசின் (பால் புரதம்) ஆகியவற்றை ஒவ்வொன்றாக அதே முறையில் ஓட்ட வேண்டும். முதல் இரண்டும் ஏறக்குறைய முழுசாகத் திரும்பக் கிடைக்க வேண்டும். பின்னிரண்டும் ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் போக வேண்டும். பீட்டா குளுக்கான் குறைகிறது என்றால் என்சைமில் அதைத் தின்னும் வேறொரு என்சைம் கலந்திருக்கிறது. ஒரு வாரம் வீணாகிறதே என்று கைடு முகம் சுளிக்கலாம். லாட் எண்ணோடு இந்த முடிவுகளைத் தீசிஸின் பின்னிணைப்பில் வைத்தவர்களை வைவாவில் யாரும் மடக்கியதாகத் தெரியவில்லை.

991.43 எதைத் தவறவிடும் என்பதைத் தெரிந்துவைத்திருப்பவர்கள் குறைவு. வெங்காயம், பூண்டில் உள்ள சிறிய ஃப்ரக்டான்கள் (இனுலின் வகை நார்) 78 சதவீத ஆல்கஹாலில் கரைந்தே இருக்கும், திரளாது, வடிநீரோடு ஓடிவிடும். வாழைக்காய் மாவில் உள்ள பச்சை ஸ்டார்ச் உடம்பில் செரிக்காது, ஆனால் இந்த முறையின் கொதியில் வெந்து கரைந்து கணக்கிலிருந்து விலகிவிடும். 2009-இல் கோடெக்ஸ் (சர்வதேச உணவுத் தர அமைப்பு) வரையறை வந்தபோது, 10 சர்க்கரை அலகுகளும் அதற்கு மேலும் கோத்தவை நார்ச்சத்து என்றும், 3 முதல் 9 அலகு உள்ளவற்றை அந்தந்த நாடு முடிவு செய்துகொள்ளட்டும் என்றும் விட்டுவிட்டார்கள். அதற்கு ஏற்றபடி வந்தவை 2009.01-உம் 2017.16-உம். 37 டிகிரியில் கணையத்து அமைலேஸ் கொண்டு செரிக்க வைத்து, சிறிய அலகுகளை ஹெச்.பி.எல்.சி.யில் (கரைந்தவற்றைப் பிரித்து அளக்கும் கருவி) அளப்பவை. செலவு அதிகம். வாழைக்காய், வெங்காயம், இனுலின் சேர்த்த பண்டம் என்றால் அந்தச் செலவைத் தவிர்க்க முடியாது. முழுத் தானியங்களை ஒன்றோடொன்று ஒப்பிட மட்டும் என்றால் 991.43 போதும்.

செரிக்காத ஸ்டார்ச்சைத் தனியாக அளக்க 2002.02 இருக்கிறது: 100 மில்லிகிராம் மாதிரி, 37 டிகிரியில் 16 மணி நேரம் குலுக்கல். இங்கே அடிக்கடி நடக்கும் தப்பு, சமைத்த சோற்றை ஓவனில் காயவைத்துப் பொடித்து அளப்பது. அந்தச் சூடும் உலர்த்தலும் ஸ்டார்ச்சின் அமைப்பை மாற்றிவிடும். நீங்கள் அளப்பது ஓவன் சோற்றை, சாப்பிட்ட சோற்றை இல்லை. ஈரத்தோடு மசித்து உடனே எடுக்க வேண்டும், முடியாவிட்டால் ஃப்ரீஸ் ட்ரை (உறைய வைத்துச் சூடில்லாமல் உலர்த்துவது).

பழைய சோறு பற்றி எல்லாரும் கேட்பதால் ஒரு வார்த்தை. இந்தோனேசியாவில் 2015-இல் வெளியான ஓர் ஆய்வில் வெள்ளைச் சோறு சூடாக இருந்தபோது 100 கிராமில் 0.64 கிராம் செரிக்காத ஸ்டார்ச். 4 டிகிரியில் 24 மணி நேரம் வைத்துச் சூடாக்கியபோது 1.65 கிராம். ஏற்றம் உண்மைதான். ஆனால் கிடைத்தது ஒரு கிராம். ஒருவருக்கு நாளுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் பழைய சோறு ஃப்ரிட்ஜில் இருப்பதில்லை, தண்ணீரில் ஊறிப் புளிக்கிறது. அந்த எண்ணைத் தூக்கி இதில் ஒட்டக் கூடாது. தனியாக அளக்க வேண்டும். நல்ல எம்.எஸ்சி. ப்ராஜெக்ட் அது.

செரிக்காத ஸ்டார்ச்சுக்கு இருக்கும் மதிப்பைப் புரிந்துகொள்ள வேலூரைப் பார்த்தால் போதும். கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பி.எஸ். ராமகிருஷ்ணாவும் உடன் பணியாற்றியவர்களும் காலரா நோயாளிகளுக்கு, ஓ.ஆர்.எஸ். கரைசலில் லிட்டருக்கு 50 கிராம் அமைலோஸ் மிகுந்த மக்காச்சோள ஸ்டார்ச்சைக் கலந்து கொடுத்தார்கள். பெருங்குடல் பாக்டீரியா அதைப் புளிக்க வைத்து அசிட்டேட், பியூட்ரேட் போன்ற குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்களாக்கும்; அவை உறிஞ்சப்படும்போது சோடியமும் தண்ணீரும் கூடவே உள்ளே போகும். சாதாரண ஓ.ஆர்.எஸ்-ஐவிட மலத்தின் எடை குறைந்தது, பேதி சீக்கிரம் நின்றது. 2000-இல் வெளியான அந்தக் கட்டுரையில் இருந்த நோயாளிகள் 48 பேர் மட்டுமே. கேள்வி கூர்மையாக இருந்து, மலத்தை ஒழுங்காக எடை போட்டால் 48 பேரே போதும் என்பதை என் மாணவர்களுக்குச் சொல்ல இதைவிட நல்ல உதாரணம் கிடைத்ததில்லை.

குடுவையில் புளிக்க வைக்கும் சோதனைக்கு வருவோம். நாரை நேராக மலக் கரைசலில் போடக் கூடாது. முதலில் இன்ஃபோஜெஸ்ட் முறையில் (மனிதச் செரிமானத்தைக் குடுவையில் நடத்திப் பார்க்கும் பொது நெறிமுறை) செரிமானம்: வாய் 2 நிமிடம், பி.ஹெச். 3-இல் இரைப்பை 2 மணி, பி.ஹெச். 7-இல் சிறுகுடல் 2 மணி. அப்புறம் நுண்துளைச் சவ்வுப் பையில் இட்டு டயாலிசிஸ் செய்து சர்க்கரைகளை வெளியேற்ற வேண்டும். இதைத் தாண்டிக் குதித்தால் பாக்டீரியா மாவில் மிஞ்சிய ஸ்டார்ச்சைத் தின்று கொழுக்கும். கம்பு, சாமை, பன், எல்லாமே ‘ப்ரீபயாடிக்’ (நல்ல குடல் பாக்டீரியாவை வளர்க்கும் உணவு) ஆகத் தெரியும். மலம் கொடுப்பவர் கடந்த மூன்று மாதத்தில் ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருக்கக் கூடாது. மலம் கைக்கு வந்து இரண்டு மணி நேரத்துக்குள், ஆக்சிஜன் படாமல், பஃபரில் 10 சதவீதக் கரைசலாக வேண்டும். மூன்று பேர் மலத்தைக் கலந்து ஒரே கரைசலாக்கிவிட்டு அதில் மூன்று குடுவை வைத்தால் அது மூன்று பேர் இல்லை, ஒன்றுதான். ரிவ்யூவர் முதலில் கை வைக்கும் இடம் இதுவே. தனித்தனியாக ஓட்டுங்கள். நார் போடாத குடுவையும், இனுலின் போட்ட குடுவையும் எல்லாச் சுற்றிலும் இருக்க வேண்டும்.

குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்கள் ஆவியாகக் கூடியவை. உறைந்த மாதிரியைத் திறந்து வைத்து உருக விட்டால் அசிட்டேட் காற்றோடு போகும். அமிலம் சேர்த்தவுடன் மூடி, இன்டர்னல் ஸ்டாண்டர்டாக (இழப்பைக் கணிக்க, தெரிந்த அளவில் சேர்ப்பது) 2-எத்தில் பியூட்ரிக் அமிலத்தைத் தொடக்கத்திலேயே விட்டுவிட்டால் பாதி இழப்பைக் கணக்கில் பிடிக்கலாம். மனிதர்களின் மலத்தில் இந்த அமிலங்களை அளந்து ‘நார்ச்சத்தால் பியூட்ரேட் கூடியது, கூடவில்லை’ என்று எழுதுவதில் எனக்கு நம்பிக்கை குறைவு. உற்பத்தியாவதில் 95 சதவீதம் வரை குடலே உறிஞ்சிக்கொள்கிறது. மலத்தில் இருப்பது மிச்சம். உற்பத்தி குறைந்ததா, உறிஞ்சுதல் கூடியதா, மலம் சீக்கிரம் வெளியே வந்துவிட்டதா என்பதை அந்த மிச்சம் சொல்லாது.

மனித ஆய்வில் இறங்கும்போது பர்க்கிட்டின் பெயர் எல்லார் முன்னுரையிலும் வரும். உகாண்டாவில் அறுவை மருத்துவராக இருந்த டெனிஸ் பர்க்கிட், வாக்கர், பெயின்டர் மூவரும் 1972-இல் வெளியிட்ட அளவுகளில் உகாண்டா கிராமத்தவர் சராசரியாக நாளுக்கு 470 கிராம் மலம் கழித்தார்கள், உணவு வெளியேற ஏறக்குறைய 36 மணி நேரம். பிரிட்டிஷ் கடற்படைக் குடும்பங்களில் 104 கிராம், 83 மணி நேரம். அந்த எண்களிலிருந்து நோய்க்குக் காரணம் சொன்னது வேறு விவாதம். ஆனால் யாரும் தொடத் தயங்கியதை எடை போட்டதால்தான் அந்தக் கட்டுரை நின்றது.

மலம் சேகரிக்க வெளிநாட்டுக் கிட்டுகளை வாங்கி ஏமாறாதீர்கள். அவை வெஸ்டர்ன் கமோடில் மாட்ட வடிவமைத்தவை. நம் இந்தியன் க்ளாசெட்டில் மாட்ட முடியாது, வீட்டில் இருப்பது ஒரே கழிவறை, தண்ணீர் ஊற்றிப் பழகிய கை. அகலமான, ஆழம் குறைந்த பிளாஸ்டிக் தொட்டியும், அதற்குள் விரிக்கும் பாலித்தீன் உறையும் கொடுங்கள். சிறுநீரை முதலில் தனியாகக் கழித்துவிட்டு வரச் சொல்லுங்கள். கலந்தால் எடை போச்சு, டி.என்.ஏ. மாதிரியும் போச்சு. டப்பாவின் வெறும் எடையை மூடியோடு சேர்த்து முன்பே எழுதி ஒட்டிவிட வேண்டும். ஐஸ் பெட்டி, மணி நேரம் எழுதும் ஸ்டிக்கர், எடுத்துவரும் ஆள், அவருக்கு பெட்ரோல் காசு, எல்லாம் பட்ஜெட்டில் இருக்கட்டும். ஒரு நாள் மலம் எதையும் சொல்லாது. குறைந்தது ஐந்து நாள் முழுச் சேகரிப்பு. ‘ஒரு தடவை ஆபீஸில் போய்விட்டேன்’ என்று சொல்ல ஒரு கட்டத்தைப் படிவத்திலேயே வைத்துவிட்டால் மக்கள் மறைக்க மாட்டார்கள்.

குடல் வேகத்தை அளக்க மெட்கால்ஃப் முறை எளிது. எக்ஸ்-ரேயில் தெரியும் வளையங்கள் நாளுக்கு 24 வீதம் மூன்று நாள் விழுங்க வைத்து, நான்காம் நாள் அதே நேரத்தில் ஒரு படம். வயிற்றில் மிஞ்சிய வளையங்களின் எண்ணிக்கைதான் மணி நேரம். எண்ணி முடித்தால் கணக்கு முடிந்தது. 72-ஐ நெருங்கினால் ஏழாம் நாள் இன்னொரு படம் வேண்டும். குழந்தை பெறும் வயதுப் பெண்களிடம் கர்ப்பப் பரிசோதனை இல்லாமல் இதைச் செய்ய முடியாது. எக்ஸ்-ரே வேண்டாம் என்றால் பிரிஸ்டல் அட்டவணை இருக்கிறது, மலத்தின் வடிவத்தை வைத்து லூயிஸும் ஹீட்டனும் 1997-இல் தந்த ஏழு வகை. படத்தோடு தமிழ் விளக்கம் எழுதுங்கள். ‘ஆட்டுப் புழுக்கை போல’ என்றால் முதல் வகை யாருக்கும் புரியும்.

எந்த நாரைக் கொடுக்கிறோம் என்பதில் துகளின் அளவும் அடங்கும். கொரகொரப்பான கோதுமைத் தவிடு, நார் ஒரு கிராமுக்கு மல எடையை 5 கிராமுக்கு மேல் கூட்டும். அதையே மாவாக அரைத்துப் பிஸ்கட்டில் போட்டால் அந்தப் பலன் வெகுவாகக் குறையும், சிலருக்கு மலம் இறுகவும் செய்யும். பெக்டின் ஒரு கிராமுக்குச் சற்று மேல்தான். பாக்டீரியா அதைத் தின்றுவிடுகிறது. இசப்கோல் வேறு ரகம்: கூழாகித் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும், அவ்வளவாகப் புளிக்காது, ஆகவே மலச்சிக்கலுக்கு அதை நம்பலாம். உலகத்துக்கே குஜராத்திலிருந்து போகிறது. ஒரு டம்ளர் தண்ணீர், 240 மில்லியாவது, இல்லாமல் விழுங்கினால் தொண்டையில் கூழாகி அடைக்கும். இதை ஒப்புதல் படிவத்தில் தடித்த எழுத்தில் போட வேண்டும். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இரண்டு மணி நேரம் இடைவெளி விடட்டும்.

முதல் நாளே 15 கிராம் கொடுத்துப் பாதிப் பேரை வயிற்று உப்புசத்தில் இழந்த ஆய்வுகள் நிறைய. 5 கிராமில் தொடங்கி வாரம் 5 கிராம் கூட்டுங்கள். நார் குடலில் புளிப்பதைக் காட்டும் ஹைட்ரஜனை மூச்சுக் காற்றில் அளப்பதானால் முந்தின இரவு வெறும் வெள்ளைச் சோறும் தயிரும். பருப்பு, பயறு, வெங்காயம் இருந்தால் காலை அளவே 20 பி.பி.எம்-ஐத் தாண்டி நிற்கும், அன்றைய சோதனை ரத்து. பால் ஒத்துக்கொள்ளாதவருக்குத் தயிரும் வேண்டாம்.

எதிக்ஸ் கமிட்டி ஒப்புதலுக்குப் பிறகும் சி.டி.ஆர்.ஐ. (இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடு) பதிவு முடியாமல் முதல் ஆளைச் சேர்க்காதீர்கள். 2018 ஏப்ரலிலிருந்து முன்பதிவு மட்டுமே ஏற்கிறார்கள். பின்னால் பதிவதற்கு வழியில்லை, நல்ல ஜர்னல் எதுவும் வாங்காது. மல மாதிரியை வெளிநாட்டு லேபுக்கு அனுப்புகிற கூட்டு ஆய்வு என்றால் தனி அரசு ஒப்புதலும் வேண்டும், அதற்கே மாதக்கணக்கில் ஆகும். தவிடோ இசப்கோலோ விற்கிற கம்பெனி பணம் தந்தால் வாங்கலாம். ஆனால் முடிவு எதுவாக இருந்தாலும் வெளியிடும் உரிமை நம்முடையது என்ற வரி ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். அந்த வரியைப் போட மறுக்கிறவர்களிடம் சாம்பிள் பாக்கெட்கூட வாங்காதீர்கள்.

வேலை தேடும்போது சீக்வென்சிங் (டி.என்.ஏ. வரிசையைப் படிப்பது) தெரியும் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். நார்ச்சத்தை இங்கே சொன்ன முறைகள் எல்லாவற்றிலும் அளக்கத் தெரிந்தவர், கொழுப்பு அமிலங்களை அளக்கும் ஜி.சி. (கேஸ் குரோமட்டோகிராஃப்) கருவியைத் தானே பழுது பார்ப்பவர், எதிக்ஸ் விண்ணப்பத்தை ஒரே தடவையில் நிறைவேற்றியவர் என்றால் உணவுத் துறைக் கம்பெனிகளின் தர ஆய்வகமும் எடுக்கும், ஆய்வு நிறுவனமும் எடுக்கும். தீசிஸ் முடிந்ததும் மிச்ச மாவை எறிந்துவிடாமல் காற்றுப் புகாத டப்பாவில் மைனஸ் 20-இல், என்சைம் லாட் எண்ணோடு வைத்துவிட்டுப் போங்கள். இரண்டு வருடம் கழித்து ரிவ்யூவர் 2017.16-இல் மறுபடி அளக்கச் சொல்வார்.